ரிப்போர்ட்டில் ‘ஃபேட்டி லிவர்’ என்று வந்திருக்கிறது. என் வயிற்றுத் தொல்லைக்கும் இதுதான் காரணமா?

செங்காங் தூங்குமூஞ்சி:

வணக்கம். இணையத்தில் தேடிப் பார்த்து இருந்த பயம் இரண்டு மடங்காகி இங்கே வந்திருக்கிறேன், திட்டாமல் பதில் சொல்லுங்கள்.

வயது 42, உயரம் 170, எடை 84. கம்பெனி மெடிக்கல் செக்கப்பில் இந்த வருடம் வயிற்று ஸ்கேனையும் சேர்த்திருந்தார்கள். ரிப்போர்ட்டில் ‘மைல்ட் ஃபேட்டி லிவர்’, அதாவது கல்லீரலில் லேசான கொழுப்பு, என்று ஒரு வரி. ரத்தத்தில் ஏஎல்டி என்ற கல்லீரல் நொதி 68, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. ஏஎஸ்டி என்ற இன்னொரு நொதி 41, பிளேட்லெட் என்ற ரத்தத் தட்டணு 240. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, டிரைகிளிசரைட் என்ற ரத்தக் கொழுப்பு கூடுதல். எனக்கு விளங்காதது என்னவென்றால், நான் குடிக்கிற ஆளே இல்லை. தீபாவளிக்கு மச்சான் வந்தால் ஒரு பியர், அதோடு சரி. கிளினிக்கில் கேட்டேன், “எடையைக் குறைங்க, ஆறு மாசம் கழிச்சு வாங்க” என்று அனுப்பிவிட்டார்கள். ரத்த அழுத்தம் பார்க்கக் கழற்றிய கடிகாரத்தை மருந்து கவுண்டருக்கு வந்துதான் கட்டினேன், அவ்வளவு வேகம்.

இன்னொரு பக்கம், ஒரு வருடமாகவே வயிறு சரியில்லை. சாப்பிட்டதும் உப்புசம், இரவில் நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம். ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து சாப்பிட இரவு பத்தரை ஆகிவிடும், சாப்பிட்ட கையோடு படுக்கை. கல்லீரல் கெட்டதால்தான் செரிக்க மாட்டேன் என்கிறது என்பது அம்மாவின் முடிவு. சிங்கப்பூர் தேக்காவில் கீழாநெல்லிப் பொடி வாங்கி வந்துவிட்டார். தினமும் காலையில் மோரில் கலக்கி, எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, அதை என் வீட்டுச் சாவியின் மேலேயே வைத்துவிடுகிறார். டம்ளரைத் தூக்காமல் சாவியை எடுக்க முடியாது.

கல்லீரலுக்கும் இந்த கேஸ் தொல்லைக்கும் சம்பந்தம் உண்டா? குடிக்காதவனுக்கு ஏன் இது வருகிறது? கீழாநெல்லியைத் தொடரலாமா? லிவர் டானிக், மில்க் திசில் என்று வேறு விற்கிறார்கள்.

ஈசூன் அக்கா:

தம்பி, முதலில் ஒரு மூச்சு விடுங்கள். 31 வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான், டாக்டர் இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

உங்களிடம் இருப்பது இரண்டு தனித்தனிக் கதை. உப்புசம், ஏப்பம், நெஞ்செரிச்சல் எல்லாம் இரைப்பையும் உணவுக்குழாயும் போடும் சத்தம். கல்லீரல் அப்படிச் சத்தம் போடாது. அதன் உள்சதையில் வலியை உணரும் நரம்பே கிடையாது, மேலே போர்த்தியிருக்கும் உறை இழுபட்டால்தான் ஏதாவது தெரியும். அதனால்தான் ஃபேட்டி லிவர் உள்ள பெரும்பாலானோருக்கு ஒரு அறிகுறியும் இருக்காது, உங்களுக்கு நடந்ததுபோல வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது மாட்டும். கொழுப்பைச் செரிக்கப் பித்தநீரைச் சுரப்பது கல்லீரல்தான், அம்மா சொல்வதில் அந்த அளவு நியாயம் உண்டு. ஆனால் மைல்ட் என்று போட்டிருக்கிற கல்லீரல் பித்தநீரைக் குறைத்துவிடாது.

குடிக்காதவனுக்கு ஏன் என்று கேட்டீர்கள். கல்லீரலின் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு சேர்ந்தால் அதற்குப் பெயர் ஃபேட்டி லிவர். மது ஒரு காரணம், ஆனால் இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை, டிரைகிளிசரைட் இவை கூடினாலும் அதே கொழுப்புதான் சேரும். 2023-இல் டாக்டர்கள் இதன் பெயரையே மாற்றினார்கள். அதுவரை ‘நான் ஆல்கஹாலிக்’ என்று, அதாவது எது காரணம் இல்லையோ அதை வைத்துப் பெயர் வைத்திருந்தார்கள், இப்போது ‘மெட்டபாலிக்’ என்ற சொல் வந்துவிட்டது. நம் ஆட்களுக்கு இன்னொரு வம்பு, கை கால் ஒல்லியாக இருந்தாலும் தொப்பைக்குள் கொழுப்பு உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் ஆசியர்களுக்கு பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, 23-க்கு மேலேயே கவனம் தேவை என்கிறார்கள், இடுப்பு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். உங்கள் உயரத்துக்கு 23 என்பது 66 கிலோ சொச்சம், நீங்கள் 29-இல் நிற்கிறீர்கள்.

இப்போது பயம் போக ஒரு கணக்கு. ஃபிப்-4 என்று ஒன்று உண்டு. கல்லீரலில் தழும்பு விழுந்திருக்க வாய்ப்பு எவ்வளவு என்று மேலோட்டமாகச் சொல்லும். வயதை ஏஎஸ்டியால் பெருக்கி, அதைப் பிளேட்லெட்டாலும் ஏஎல்டியின் வர்க்கமூலத்தாலும் வகுக்க வேண்டும். 42 பெருக்கல் 41, 1722. 68-இன் வர்க்கமூலம் 8.25, அதை 240-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1980. வகுத்தால் 0.87. 1.3-க்குக் கீழ் என்றால் தழும்பு பெரிதாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஆறு மாதம் கழித்து வா என்று சொன்ன டாக்டரும் இதைத்தான் மனதில் போட்டிருப்பார், உங்களிடம் சொல்லத்தான் நேரம் இல்லை. 1.3-க்கு மேல் வந்திருந்தால் ஃபைப்ரோஸ்கேனுக்கு எழுதியிருப்பார்கள், அது ஊசி இல்லாமல் கல்லீரல் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று அளக்கும் கருவி.

எடையைக் குறை என்று சும்மா சொன்னால் யாருக்கும் ஏறாது, எண்ணிக்கையில் சொல்கிறேன். 5 சதவீதம், அதாவது 4 கிலோ போனாலே கொழுப்பு குறையத் தொடங்கும். 7 முதல் 10 சதவீதம், உங்களுக்கு 6 முதல் 8 கிலோ, போனால் அழற்சியும் அடங்க நல்ல வாய்ப்பு. அதையும் நிதானமாகச் செய்யுங்கள். என் நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு முன்னால் பட்டினி கிடந்து இரண்டு மாதத்தில் மளமளவென்று இளைத்தாள், பிறகு பித்தப்பையில் கல். வலது விலாவுக்குக் கீழே பிடித்து தோள்பட்டை வரை போன வலியில், கல்யாணப் பட்டுப்புடவையோடு அவசரப் பிரிவுக்குப் போனோம்.

நெஞ்செரிச்சல் வேறு கதை என்றேன், ஆனால் அதைக் கிளப்புவதும் அதே தொப்பைதான். உணவுக்குழாயின் அடியில் ஒரு வால்வு இருக்கிறது, தொப்பை கீழிருந்து அமுக்கும்போது பத்தரை மணிச் சாப்பாட்டோடு நீங்களும் படுத்தால் அமிலம் மேலே வராமல் எங்கே போகும்? சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுங்கள். முடியாதென்றால் ஆறு, ஆறரைக்கு வேலையிடத்திலேயே சோற்றை முடித்துவிட்டு வீட்டில் ஒரு தோசையோடு நிறுத்துங்கள். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் கட்டை வையுங்கள், தலையணையை அடுக்கினால் கழுத்துதான் மடங்கும். இடது பக்கம் சாய்ந்து படுப்பதும் உதவும்.

அப்புறம் தே, அதான் கடையில் குடிக்கும் பால் டீ. ஒரு நாளைக்கு எத்தனை குடிக்கிறீர்கள் என்று சொல்லவில்லையே.

செங்காங் தூங்குமூஞ்சி:

அக்கா, கையெடுத்துக் கும்பிடுகிறேன். அந்த 0.87-ஐ நானும் போனில் இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன்.

தே நான்கு. சாதாரண தே, கண்டென்ஸ்ட் மில்க் போட்டது. இரவு வேலை என்றால் ஐந்து.

ஈசூன் அக்கா:

அதைச் சொல்லுங்கள் முதலில்! குடிப்பழக்கம் இல்லை என்றீர்களே, இது என்ன? நாளையிலிருந்து ‘தே சி சியூ தாய்’, அதாவது எவாப்பரேட்டட் பால் ஊற்றிச் சீனி குறைத்தது, ஒரு மாதம் கழித்து ‘தே சி கொசோங்’, சீனியே போடாதது. ஒரேயடியாகக் கொசோங்குக்குப் போனால் மூன்றாம் நாள் திரும்பி வந்துவிடுவீர்கள், என் வீட்டுக்காரர் அப்படித்தான் வந்தார். தேவைக்கு மேல் உள்ளே போகும் சர்க்கரையைக் கல்லீரல்தான் கொழுப்பாக மாற்றுகிறது. கடையில் வாங்கும் பானங்களில் ஏ, பி, சி, டி என்று போட்டிருக்கிறதே, அந்த எழுத்தைப் பாருங்கள், டி என்றால் சர்க்கரை அதிகம், வைத்துவிட்டு வாருங்கள். கோப்பி குடிப்பவர்களின் கல்லீரல் கொஞ்சம் நன்றாக இருப்பதாகப் பல ஆய்வுகளில் வந்திருக்கிறது, அதற்காகச் சீனி போட்ட கோப்பிக்குத் தாவ வேண்டாம், அதோடு உங்கள் நெஞ்செரிச்சலை அது கூட்டவும் கூடும்.

புக்கிட் பாஞ்சாங் ஏப்பக்காரன்:

அண்ணா, கல்லீரலைப் பற்றி எனக்குத் தெரியாது, இரைப்பையைப் பற்றிச் சொல்ல உரிமை உண்டு, ஐந்து வருடம் அவஸ்தைப்பட்டவன். காரத்தால் அல்சர், வேலை டென்ஷனால் அல்சர் என்று எல்லாரும் சொன்னதை நம்பி ரசம், ஊறுகாய், சம்பல் எல்லாவற்றையும் விட்டு ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி சாப்பிட்டுக் கிடந்தேன். வலி ஒரு இம்மியும் குறையவில்லை. கடைசியில் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) ஒரு டாக்டரம்மா ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமிக்கு மூச்சுப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். வெறும் வயிற்றில் போய் ஒரு பையில் ஊத வேண்டும், ஏதோ ஒரு தண்ணீரைக் கொடுப்பார்கள், அரை மணி நேரம் கழித்து இன்னொரு தடவை ஊத வேண்டும். பிறந்தநாள் பலூன் ஊதுகிற மாதிரிதான், பக்கத்தில் இருந்த அத்தையும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஊதினோம்.

கிருமி இருந்தது. இரண்டு ஆன்டிபயாடிக்கும் அமிலம் குறைக்கும் மாத்திரையும் சேர்த்து 14 நாள். வாயெல்லாம் இரும்பைச் சப்பிய மாதிரி கசப்பு, பாதியில் நிறுத்தலாம் என்று தோன்றும், நிறுத்தக் கூடாது. அதற்குப் பிறகு நான்கு வாரமாவது விட்டு மறுபடி ஊதிப் பார்த்து, போய்விட்டது என்று உறுதி செய்தார்கள். சோதனைக்கு முன் நான்கு வாரம் ஆன்டிபயாடிக் கூடாது, இரண்டு வாரம் ஒமிப்ரசோல் மாதிரி அமிலம் குறைக்கும் மாத்திரை கூடாது, இல்லாவிட்டால் கிருமி இருந்தாலும் இல்லை என்று காட்டிவிடும். இது தெரியாமல் முதல் தடவை மாத்திரை போட்டுக்கொண்டே போய் ஒரு நாள் லீவு வீண்.

இந்தக் கிருமிதான் காரணம் என்று சொன்னபோது டாக்டர்களே நம்பவில்லையாம். ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷல் 1984-இல் கிருமியை வளர்த்த திரவத்தைத் தானே குடித்து, தன் இரைப்பையில் அழற்சியை வரவழைத்துக் காட்டினார். அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். நான் சம்பலை விட்ட ஐந்து வருடத்துக்கு யார் பரிசு கொடுப்பார்கள்?

துவாஸ் தம்பி:

அக்கா, அண்ணன்களே, ஒரு சந்தேகம். நான் டார்மில், தொழிலாளர் விடுதியில், தங்கி வேலை செய்கிறேன். கேட்டரிங் சாப்பாடு, விடிகாலை நாலரைக்கே மதியச் சோறும் பொட்டலமாக வந்துவிடும், பன்னிரண்டு மணிக்குத் திறந்தால் சில நாள் சாம்பார் நுரைத்திருக்கும். வேறு வழியில்லை, சாப்பிட்டுவிடுவேன். முதுகுவலிக்கு ஊரிலிருந்து கொண்டு வந்த மாத்திரை தினமும் இரண்டு, காலையில் வெறும் வயிற்றில். மூன்று வாரமாக நடுவயிறு எரிகிறது. இரண்டு நாளாக வெளிக்குப் போனால் தார் மாதிரி கறுப்பாகப் போகிறது. சாம்பாரால்தானே?

ஈசூன் அக்கா:

தம்பி, இதைப் படித்ததும் எழுந்து போங்கள். அந்த மாத்திரையை இப்போதே நிறுத்துங்கள். தார் மாதிரி பிசுபிசுப்பாக, நாற்றத்தோடு போகிறதென்றால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுப்பாகப் போகும், நீங்கள் அதைச் சொல்லவில்லை. வலி மாத்திரைகள் பலவும் இரைப்பையின் உட்பூச்சை அரிக்கும், அல்சருக்கு அந்தக் கிருமிக்கு அடுத்த பெரிய காரணம் அவைதான். இன்று இரவே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள், கிளினிக் திறக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தலை சுற்றினால், நெஞ்சு படபடத்தால், ரத்த வாந்தி வந்தால் ஆம்புலன்ஸுக்கு 995. சூப்பர்வைசரிடம் “கேஸ்ட்ரிக்” என்று சொல்லாதீர்கள், ஒரு பாக்கெட் கேஸ்ட்ரிக் மருந்தைக் கொடுத்துத் தூங்கச் சொல்வார். “மலத்தில் ரத்தம்” என்று சொல்லுங்கள். மாத்திரை அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். போனதும் இங்கே ஒரு வரி போடுங்கள்.

கிளமெண்டி வைத்தியர் பேரன்:

எல்லாம் சரி, ஆனால் கீழாநெல்லியை மட்டும் யாரும் தொடவில்லை. என் தாத்தா காமாலைக்குக் கீழாநெல்லி கொடுத்து எத்தனையோ பேரைக் குணப்படுத்தியவர். ஆங்கில மருந்தில் காமாலைக்கு என்ன இருக்கிறது? அம்மா கொடுப்பதைக் குடியுங்கள், வேரிலேயே மருந்து இருக்கும்போது எதற்கு ஃபைப்ரோஸ்கேன்?

ஈசூன் அக்கா:

தாத்தா மேல் மரியாதை உண்டு, கிண்டல் செய்யவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் ஊரில் வந்த காமாலையில் நிறைய, அசுத்தமான தண்ணீராலும் சாப்பாட்டாலும் பரவும் ஹெபடைட்டிஸ் ஏ. பெரும்பாலானோருக்கு அது சில வாரத்தில் தானாகவே இறங்கிவிடும். இறங்குகிற நேரத்தில் யார் கையில் டம்ளர் இருந்ததோ அவருக்குப் பெயர். இந்தத் தம்பிக்குக் காமாலையே இல்லை, ரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி கூடியதாகக்கூட அவர் எழுதவில்லை, பிறகு எதைக் குணப்படுத்த?

மூலிகை என்றாலே பாதிப்பில்லை என்பதைத்தான் நான் ஏற்க மாட்டேன். கொரோனா சமயத்தில் எதிர்ப்புச் சக்திக்கு என்று சீந்தில் கஷாயம் குடித்துக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி இந்திய டாக்டர்களே எழுதினார்கள். கிரீன் டீ சாறு மாத்திரை, அதிக அளவு மஞ்சள் மாத்திரை இவற்றாலும் கல்லீரல் கெட்டதாகப் பதிவுகள் உண்டு. குழம்பில் போடுகிற மஞ்சளைச் சொல்லவில்லை, அதற்காக யாரும் சண்டைக்கு வராதீர்கள். மில்க் திசில் கொழுப்பைக் கரைக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. பொட்டலத்தில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத பொடியைக் குடித்துவிட்டு ஆறு மாதம் கழித்து ஏஎல்டி ஏறியிருந்தால், கொழுப்பால் ஏறியதா பொடியால் ஏறியதா என்று டாக்டர் எப்படிப் பிரிப்பார்? அவரிடம் பொடியைக் காட்டுங்கள், மறைக்காதீர்கள். மோரை மட்டும் குடியுங்கள், அம்மாவும் சந்தோஷப்படுவார்.

கிளமெண்டி வைத்தியர் பேரன்:

மோர் வரைக்கும் ஒத்துப்போகிறேன்.

எழுபத்தொன்பது:

நான் இங்கே எழுதுவதில்லை, படிப்பதோடு சரி. ஆனால் ஒன்று விட்டுப்போயிற்று. தம்பி, அந்த ரிப்போர்ட்டில் ஹெபடைட்டிஸ் பி, அதாவது கல்லீரலைத் தாக்கும் வைரஸ், இருக்கிறதா என்று பார்த்தார்களா?

நான் 1979-இல் இங்கே பிறந்தவள். சிங்கப்பூரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பிறந்ததுமே அந்தத் தடுப்பூசி போடத் தொடங்கியது 1987-இல். அதற்கு முன் பிறந்த நம் வயதுக்காரர்களில் பலர் தெரியாமலே சுமந்துகொண்டிருக்கலாம், உங்களுக்கும் 42 என்றால் பார்த்துவிடுவது நல்லது. எனக்கு இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருக்கும்போது ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. அம்மாவிடமிருந்து பிறக்கும்போதே வந்திருக்க வேண்டும் என்றார்கள். அம்மாவுக்கும் பார்த்தால் இருந்தது, அவருக்கு அதுவரை ஒரு தலைவலி கூடக் கிடையாது. என் மகனுக்குப் பிறந்த உடனேயே ஊசிகள் போட்டார்கள், அவனுக்கு வரவில்லை.

எனக்கு வலித்தது வேறு. மாமியார் வீட்டில் என் தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்தார்கள், மேல் அலமாரியில், ஒரு நீல வாளிக்குள். இரண்டு வருடம் அந்த வாளியிலிருந்து எடுத்துத்தான் சாப்பிட்டேன். ஹெபடைட்டிஸ் பி சாப்பாட்டாலோ தட்டாலோ கட்டிப்பிடிப்பதாலோ பரவாது. ரத்தம், உடலுறவு, தாயிடமிருந்து பிள்ளைக்கு, இப்படித்தான். சவரக் கத்தியையும் பல் துலக்கும் பிரஷ்ஷையும் பகிரக் கூடாது, அதை நானும் ஒத்துக்கொள்கிறேன். வீட்டில் எல்லாருக்கும் பரிசோதித்து, இல்லாதவர்களுக்கு மூன்று ஊசி, முதல் ஊசி, அடுத்த மாதம் ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. முடிந்தது கதை. பரவும் விதத்தை மாமியாருக்குப் புரிய வைக்கத்தான் அதைவிட அதிக நாள் பிடித்தது.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ரத்தமும் ஸ்கேனும் பார்க்கிறேன், ஏனென்றால் கல்லீரல் சுருங்காமலே புற்றுநோய் வரக்கூடியது இந்த நோயில். மாத்திரை எல்லாருக்கும் உடனே கொடுப்பதில்லை, எனக்கு நான்கு வருடமாகத்தான் வைரஸை அடக்கும் என்டெகவிர் மாத்திரை, தினம் ஒன்று. உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று அந்த ஸ்கேனைத் தள்ளிப் போடாதீர்கள் யாரும்.

புக்கிட் பாஞ்சாங் ஏப்பக்காரன்:

அக்கா, அந்த வாளி இப்போது எங்கே?

எழுபத்தொன்பது:

தொட்டிச் செடி. கறிவேப்பிலை.

துவாஸ் தம்பி:

ஆஸ்பத்திரியில் இருந்து எழுதுகிறேன். எண்டாஸ்கோப்பி பார்த்தார்கள், இரைப்பையில் புண், ரத்தம் கசிந்திருக்கிறது, உள்ளேயே கிளிப் போட்டு நிறுத்திவிட்டார்கள். கிருமிக்கும் டெஸ்ட் எடுத்திருக்கிறார்கள். முதுகுக்குப் பனடோல் (பாராசிட்டமால்) மட்டும் எழுதிக் கொடுத்தார்கள், ஒரு நாளைக்கு 4 கிராமுக்கு மேல் போகக் கூடாதாம், அது கூடினால் கல்லீரலுக்கு ஆகாதாம். அக்கா, சூப்பர்வைசரிடம் நீங்கள் சொன்ன அதே வார்த்தையைச் சொன்னேன், அவரே வண்டி எடுத்தார்.

ஈசூன் அக்கா:

நல்லது தம்பி. டிஸ்சார்ஜ் தாளைப் பத்திரமாக வையுங்கள், திரும்ப வரச்சொன்ன தேதியை போனில் அலாரம் போடுங்கள். நுரைத்த சாம்பாரையும் இனிமேல் சாப்பிடாதீர்கள், புண்ணுக்கு அது காரணம் இல்லை என்றாலும்.

செங்காங் தூங்குமூஞ்சி:

மூன்று மாதம் ஆகிவிட்டது, கடன் வைக்கக் கூடாது என்று வந்தேன். எடை 80. தே இப்போது சி கொசோங், ஒரு நாளைக்கு இரண்டு. காப்பிக்கடை அண்ணன் முதல் வாரம் முழுக்க “என்ன ஆச்சு?” என்று கேட்டார். இரவுச் சாப்பாட்டை ஆறரைக்கு மாற்றியதும் நெஞ்செரிச்சல் பாதிக்கு மேல் போய்விட்டது, உப்புசம் மட்டும் நின்றிருந்தது, பால் குறைந்ததும் அதுவும் அடங்கியது, டாக்டர் பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை ஒத்துக்கொள்ளாததாக இருக்கலாம் என்றார். ஏஎல்டி 44. ஹெபடைட்டிஸ் பி இல்லை, எதிர்ப்புச் சக்தியும் இல்லை, அதனால் ஊசி ஆரம்பித்தாயிற்று. ஹெல்தியர் எஸ்ஜி என்ற அரசுத் திட்டத்தில் சேர்ந்து வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு டாக்டரை வைத்துக்கொண்டேன், இவர் கடிகாரத்தைக் கட்டும் வரை பேசுகிறார்.

அங்கேதான் தெரிந்தது, 50 வயதுக்கு மேல் வருடத்துக்கு ஒரு முறை மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று வீட்டிலேயே மாதிரி எடுத்து அனுப்பும் சோதனை உண்டாம், குடல் புற்றுநோயை முன்கூட்டியே பிடிக்க. அம்மாவுக்கு 68, ஒரு தடவை கூடச் செய்ததில்லை. சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கத்தில் இலவசமாக வாங்கி வந்து, இரண்டு நாள் இரண்டு மாதிரி எடுக்க வேண்டும் என்று விளக்கி, அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலேயே வைத்தேன். எடுக்காமல் கண்ணாடி போட முடியாது. நேற்று இரவு பார்த்தால் கண்ணாடி இல்லாமலே டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார்.